உம் கொட்டினால் மார்க் கிடையாது

ஊரில் மற்றவர்களின் மனக்கவலையைப் போக்கிச் சம்பளம் வாங்குகிறவர்கள் உண்டு. நானோ, இல்லாத ஆட்களுக்குக் கவலையை உண்டாக்கிச் சம்பளம் வாங்குகிறவன்.

அழகர்கோவில் ரோட்டில் உள்ள ஒரு கல்லூரியில் மனநல ஆலோசனைப் படிப்புக்கு நான் வாத்தியார். எங்கள் பிள்ளைகளை எடுத்த எடுப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நிஜமான நோயாளி முன்னால் உட்கார வைக்க முடியாது. ஏடாகூடமாக எதையாவது பேசி வைத்தால் அந்த மனுஷன் பாவம் எங்கே போவார்? அதனால் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். திரையில் ஒரு முகம் வரும். மைக்கில் நாம் பேசினால் அதுவும் பேசும், பெருமூச்சு விடும், சமயத்தில் விசும்பும். அந்த முகத்துக்கு என்ன பேர், என்ன வயசு, என்ன கவலை, எதை முதலில் மறைக்கும், எப்போது வாய் திறக்கும் என்றெல்லாம் எழுதிக் கொடுப்பது என் வேலை. பேசி முடித்ததும் அதுவே பிள்ளைகளுக்கு மார்க்கும் போட்டுவிடும். இதில் ‘கேட்டல்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தேறாதவர்களுக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி கிடையாது. பயிற்சி இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

மென்பொருளுக்குக் கம்பெனிக்காரர்கள் வாயில் நுழையாத பேர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வைத்த பேர் பொம்மை.

பாங்குக்குப் போன் போட்டு, ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று சொன்ன குரலிடம் மன்றாடிக் களைத்துப்போன சகோதர சகோதரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் போனை வைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சுத்தத் தமிழில் ஒரு துக்கம்

நான் எழுதிய முதல் கேஸ், தனபாலன். லாரி செட் வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயசு, முன்கோபம், கொஞ்ச நாளாக எதிலும் பிடிப்பில்லை, செட்டுக்கே போகாமல் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ரொம்ப ரசித்து எழுதியிருந்தேன். கம்பெனிக்காரர்கள் கொடுத்த முகத்தில் மீசை இல்லாததுதான் ஒரு குறை. லாரி செட்டுக்காரர் மீசை இல்லாமல் எப்படிப் பிழைப்பார் என்று அவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

முதலில் உட்கார்ந்தவன் கார்த்தி. வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன், எதற்கும் கூச்சப்படாதவன். மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, “வணக்கம்ணே, உடம்புக்கு என்ன செய்யுது?” என்றான். தனபாலன் கண்ணை மூடித் திறந்தார். “சமீப காலமாக நான் வெறுமையையும் ஆர்வமின்மையையும் உணர்கிறேன். இது எனது அன்றாட வாழ்வைப் பெரிதும் பாதிக்கிறது” என்றார். கார்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணால் ‘மேலே கேளு’ என்றேன். “எம்புட்டு நாளாண்ணே இப்படி?” என்றான். “ஏறக்குறைய ஆறு திங்களாக” என்றார் லாரி செட் தனபாலன்.

கார்த்தி மைக்கை அணைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“சார், இவரு லாரி செட்டு ஓனர் இல்ல சார், டிவியில நியூஸ் வாசிக்கிறவரு. வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, அதான் மனுசன் மனசு ஒடிஞ்சு உக்காந்துட்டாரு.”

அண்ணனும் மாப்பிள்ளையும்

மானம் போயிற்று. பொம்மைக்கு எங்கள் ஊர்ப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தே தீர்வது என்று இறங்கினேன். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், மார்க்கெட்டில் கேட்ட பேச்சையெல்லாம் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து உள்ளே திணித்தேன். பொம்மை கெட்டிக்காரப் பொம்மை. நான் கொடுத்ததைக் கற்றுக்கொண்டது. கொடுத்ததற்கு மேலேயும் கற்றுக்கொண்டது.

எங்கள் துறைத் தலைவி மேடம் சோதித்துப் பார்க்க வந்தார். அவர் வராந்தாவில் நடந்து வந்தாலே பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் புத்தகத்தைத் தலைகீழாகவாவது விரித்துக்கொள்வார்கள். அவருக்காகவே ஒரு கண்ணியமான கேஸ் தயார் செய்து வைத்திருந்தேன்: வேலைப் பளுவில் நொந்துபோன தலைமையாசிரியை, பேர் சாரதா. மேடம் உட்கார்ந்து, “வணக்கம், எப்படி இருக்கீங்க?” என்றார். பட்டுச்சேலை கட்டிய சாரதா டீச்சர் வாயைத் திறந்தார். “வாங்கண்ணே! எங்க ஆளையே காணோம்? வேலைன்னா இம்புட்டு அம்புட்டு இல்ல, அம்புட்டும் எந்தலையில. வெயிலு வேற கொளுத்துது. ஒரு டீயச் சொல்லுங்க மாப்ள, உக்காந்து பேசுவோம்” என்றார்.

எனக்கு அந்தச் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டிக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. மேடம் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அண்ணேன்னுச்சு, பொறுத்துக்கிட்டேன். மாப்ளன்னுச்சு, அதையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா டீயை என் தலையில கட்டப் பாக்குது பாருங்க சார், இது நம்ம ஸ்டாஃப் ரூம்ல பழகின பழக்கம்தான்.”

முறை தெரிந்து போச்சு

ஒரு வழியாகப் பொம்மையின் ஊர்ப் பேச்சைப் பாதியாகக் குறைத்துச் சரிக்கட்டினேன். அடுத்த வில்லங்கம் பிள்ளைகள் பக்கமிருந்து வந்தது. எங்கள் ஊரில் ஒரு ஆளிடம் பேச்சுக் கொடுத்தால் முதல் கேள்வி ‘எந்த ஊரு?’ இரண்டாவது ‘அங்கே யார் வீடு?’ இந்த இரண்டும் முடியாமல் வாய் அடுத்த கேள்விக்கு நகராது. பொம்மையிடமும் இதையேதான் கேட்டார்கள். நான் எந்தக் கேஸுக்கும் தெருப்பேர் எழுதிவைக்கவில்லை. பொம்மைக்கோ தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

கார்த்திக்குக் கொடுத்த கேஸ், குடிப்பழக்கத்தை மறைக்கும் ஒரு எலக்ட்ரீஷியன். நைசாகப் பேசிக் குடியைப் பற்றி அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும், அதற்குத்தான் மார்க். கார்த்தி எந்த ஊர் என்று கேட்டான். பொம்மை வாடிப்பட்டி என்று அளந்துவிட்டது. எந்தத் தெரு என்றான். பிள்ளையார் கோயில் தெரு என்றது. பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் உண்டா? “அங்க கோழிக்கடை முருகேசன் தெரியுமாண்ணே?” என்றான். “தெரியுமே, எங்களுக்குச் சொந்தம்தான்” என்றது பொம்மை, ஆளைச் சந்தோஷப்படுத்தும் அவசரத்தில். முருகேசன் கார்த்திக்கும் சொந்தம், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் முழு நேரமும் கல்யாணம் காட்சி, யார் யாரைக் கட்டினார்கள், முருகேசன் வீட்டுக் காதுகுத்துக்கு ஏன் வரவில்லை என்றே போயிற்று. பொம்மை அன்றைக்கு வேலை இருந்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டது.

நேரம் முடிந்தது. குடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஏன்டா கேக்கல?” என்றேன்.

“எப்படி சார் கேக்குறது? எனக்கு மாமா முறை ஆகிப்போச்சு. நாளைக்கு ஒரு நல்லது பொல்லாததுல மூஞ்சில முழிக்க வேணாமா?”

கஞ்சி நன்றாக இருந்தது

நூர்ஜஹான் டவுனுக்குள் இருந்து வருகிற பெண். அவளிடம் யாராவது ‘தலை வலிக்கிறது’ என்றால் அடுத்த நிமிஷம் கையில் சுக்குக் காப்பி இருக்கும். அவளுக்கு வந்த கேஸ், மனைவியைப் பறிகொடுத்த ஒரு பெரியவர். அவர் தன் தனிமையைச் சொல்ல வேண்டும், இவள் பொறுமையாகக் கேட்க வேண்டும். அவர் ‘சாப்பிடவே பிடிக்கலம்மா’ என்று தொடங்கியதுதான் தாமதம், நூர்ஜஹான் நோன்புக் கஞ்சிக்குப் பக்குவம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அரிசி எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு, இஞ்சி பூண்டு எப்போது போடுவது என்று ஒன்றும் விடவில்லை. பெரியவர் துக்கத்தைச் சொல்ல வாயெடுத்த போதெல்லாம், ‘இருங்க, கொத்தமல்லியைச் சொல்லல’ என்று அடக்கினாள்.

பொம்மைக்குப் பழைய பேச்சு ஞாபகம் இருக்கும். மறுவாரம் அதே பெரியவர் திரையில் வந்ததும், “நீங்க சொன்ன கஞ்சி வச்சுக் குடிச்சேம்மா, நல்லா இருந்துச்சு” என்றார். நூர்ஜஹானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டு, அது மெஷின், அதற்கு வாயும் இல்லை வயிறும் இல்லை, நம் மனசைக் குளிர வைக்க அப்படிச் சொல்கிறது, நீ துக்கத்தைக் கேட்கவே இல்லை என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“இருக்கட்டும் சார். வாயில்லாத மெஷினு நல்லாருக்குங்குது. வாயுள்ள எங்க அத்தா ஒரு நாளும் சொன்னதில்ல.”

உம்

பரீட்சைக்கு முந்தின ஒத்திகையில் இவர்கள் எல்லாம் தட்டுத் தடுமாறி ‘கேட்டல்’ கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். கார்த்திகூடத் தாண்டிவிட்டான். தாண்ட முடியாமல் நின்றவள் செல்வி ஒருத்திதான்.

செல்வி சோழவந்தான்காரி. வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். மஞ்சள் காமாலையில் படுத்து ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டு மறுபடி வந்து சேர்ந்தவள். ‘இந்தத் தடவையும் தவறுச்சுன்னா ஜவுளிக்கடை வேலைக்குப் போயிரணும்’ என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வகுப்பிலேயே காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த பிள்ளை அவள்தான். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மாமியார் கதையைத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவளுக்குப் பொம்மை ‘கேட்டல்’ கட்டத்தில் முட்டை போட்டது. ‘தொடர்ந்து இடைமறிக்கிறார்’ என்று குறிப்பு வேறு.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. செல்வி உம் கொட்டுகிறாள். நம் ஊரில் யார்தான் கொட்டவில்லை? ஒருவர் சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவர் ‘உம்’ ‘உம்’ என்றால்தான் சொல்கிறவருக்குப் பேச்சு ஓடும். பொம்மைக்கு அது தெரியாது. இவள் ‘உம்’ என்றதும் சட்டென்று நிறுத்தி, “ஏதோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க” என்றது. “நான் ஒண்ணும் சொல்லலைங்க, நீங்க சொல்லுங்க” என்றாள் இவள். “இல்ல, நீங்க சொல்லுங்க” என்றது அது. அது ஆரம்பித்தது, இவள் ‘உம்’ என்றாள், அது நிறுத்தியது. கல்யாண வீட்டுப் பந்தியில் ‘நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க’ என்று இரண்டு பேர் கடைசி வரை உட்காராமல் நிற்பார்களே, அதே கதைதான். “உம் கொட்டாம வாயை மூடிக்கிட்டுக் கேளும்மா” என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உம் கொட்டாம எப்படி சார்? கேக்குறவ செத்துட்டான்னுல்ல நெனப்பாங்க?”

கிள்ளு வைத்தியம்

உம்மை நிறுத்த நாங்கள் படாத பாடு பட்டோம். தலையை மட்டும் ஆட்டிப் பார் என்றேன். பொம்மைக்குக் காதுதான் உண்டு, கண் கிடையாது. வாயில் புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொள் என்றான் கார்த்தி. உம் அப்படியே வந்தது, கூடவே சப்புக் கொட்டும் சத்தமும் வந்தது. கடைசியில் நூர்ஜஹான் பொறுப்பேற்றுக்கொண்டாள். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, ‘உம்’ வரும் போலத் தெரிந்தால் தொடையில் கிள்ளிவிடுவதாக ஏற்பாடு.

பொம்மை தன் கவலையைத் தொடங்கியது. செல்வியின் உதடு கூடியது. நூர்ஜஹான் கிள்ளினாள். “ஆ!” என்றாள் செல்வி. பொம்மை நிறுத்தியது. “உங்களுக்கு ஏதோ வலி இருக்கு போல. அதைப் பத்திப் பேசலாமா?” என்றது. செல்வி திகைத்துப்போய், “இல்லைங்க, பரீட்சையை நெனச்சா பயமா இருக்கு” என்றாள். “பயப்படுறது இயல்புதான், மெதுவா மூச்ச இழுத்து விடுங்க” என்று பொம்மை ஆறுதல் சொல்ல, இவள் மூச்சை இழுத்து விட, “வீட்டுல யாரும் துணையா இருக்காங்களா?” என்று அது விசாரிக்க, நோயாளி யார், ஆலோசகர் யார் என்று எனக்கே தலை சுற்றியது.

நூர்ஜஹான் கிள்ளிய கையை எடுக்காமலே திரும்பி என்னைக் கேட்டாள்:

“சார், இப்ப நல்லாக் கேக்குறது அதுதான. மார்க்கை அதுக்கே போட்டுருவோமா?”

கம்பெனிக்காரர் கேட்டுக்கொண்டார்

கோபத்தோடு கம்பெனிக்குப் போன் போட்டேன். எங்கள் கல்லூரிக்கென்று ஒரு தம்பியைப் போட்டிருந்தார்கள். பெங்களூரில் இருந்தாலும் விருதுநகர்ப் பக்கத்துப் பிள்ளை. நான் படபடவென்று கொட்டித் தீர்த்தேன். ஒரு பெண்ணின் வருஷமே போகப் போகிறது தம்பி என்றேன். “உம்” என்றார். உம் கொட்டுவது எங்கள் பக்கத்து மரியாதை என்றேன். “உம், உம்” என்றார். அதை இடைமறிப்பு என்று கணக்கு வைத்தால் இந்த ஜில்லாவில் ஒருத்தரும் தேற முடியாது என்றேன். “உம்ம்ம்” என்று அனுதாபமாக இழுத்தார்.

எனக்குச் சுரீர் என்றது. “தம்பி, இவ்வளவு நேரமா நீங்க கொட்டுறது என்ன?” என்றேன்.

“அது சும்மா சார். நான் லைன்ல இருக்கேன், கேட்டுக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும்ல?”

கோயில் குழாய்

அவர் அடுத்த பதிப்பில் சரிசெய்வதாகச் சொன்னார். அதற்குள் பரீட்சை வந்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். திருநெல்வேலிக்காரர், தும்பைப்பூ வேட்டி, சிரித்தால் மார்க் குறைந்துவிடும் என்பது போன்ற முகம். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பொம்மை முன்னால் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். செல்வியின் முறை கடைசி. அவள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரிக்குப் பக்கத்துக் காளியம்மன் கோயிலில் கூழ் ஊற்ற ஆரம்பித்தார்கள். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எங்கள் ஜன்னலைப் பார்த்தே இருந்தது. செல்வி “வணக்கங்கய்யா” என்பதற்குள், “தாய்மார்கள் முண்டியடிக்காம வரிசையில வாங்க” என்று குழாய் முழங்கியது. பொம்மை அதைச் செல்வி சொன்னதாக எடுத்துக்கொண்டது. “நான் முண்டியடிக்கலம்மா, மெதுவாத்தான் சொல்றேன்” என்றது பாவமாக. “சொம்பு கொண்டுவராதவங்க ஓரமா நில்லுங்க!” என்றது குழாய். “என்னை எல்லாரும் ஓரமா நிக்கத்தான் சொல்றாங்க” என்று பொம்மை விசும்பத் தொடங்கியது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தோம், பிரயோஜனமில்லை. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

தேர்வாளர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கி மேசையில் வைத்தார்.

“அழுத மெஷினை ஓரமா உக்கார வைங்க சார். அந்தப் பிள்ளைக்கு உசுருள்ள ஆளா ஒண்ணு பிடிச்சுக் கொண்டாங்க.”

மாரிச்சாமியாக நான்

உயிருள்ள ஆளுக்கு எங்கே போவது? கேஸை எழுதியவன் நான்தான். விவரம் எனக்குத்தான் தெரியும். நோயாளி நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். கேஸ் இதுதான்: மாரிச்சாமி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், இரண்டு பையன்கள், இரண்டு பேரும் வெளியூரில், ராத்திரி தூக்கம் இல்லை. காகிதத்தின் நகல் தேர்வாளர் கையில் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தூக்கமே வர்றதில்லம்மா” என்றேன். செல்வி என்னைப் பார்த்து “உம்” என்றாள்.

வாசகர்களே, உம் கொட்டுவதைப் பற்றி அத்தனை பேரிடம் வாதாடிய எனக்கு, அந்த உம் என்னைப் பார்த்து வந்தபோதுதான் அதன் பலம் தெரிந்தது. ‘அப்புறம்?’ என்று ஒரு உம். ‘அடடா’ என்று ஒரு உம். ‘நான் இங்கதான இருக்கேன், அவசரமில்ல’ என்று ஒரு உம். மாரிச்சாமிக்கு எழுதி வைத்திருந்த வசனம் எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். “எம்பொண்ணு கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்குதும்மா” என்றேன். “உம்.” “போன் வரும். நான் எடுத்தா ‘அப்பா, அம்மாட்ட குடுங்க’ங்கும். அம்புட்டுதான். அதுக்கு மேல எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது.” “உம்.” “ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் கேக்குறது எப்படின்னு நான்தான் சொல்லிக் குடுக்குறேன். எம்பிள்ளைக்கு எங்கிட்டச் சொல்ல ஒண்ணுமே இல்லை” என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. நிஜக் கண்ணீர். வெளியே குழாயில் “கூழு தீரப்போகுது, சீக்கிரம் வாங்க” என்றார்கள். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

செல்வி சிரிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. நான் மூக்கைத் துடைத்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “என்னைக்காவது உங்க பொண்ணு உங்ககிட்டப் பேசுனா, நீங்க மொதல்ல என்ன கேப்பீங்கய்யா?” யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது: “மார்க் எம்புட்டுன்னு கேப்பேன்.” அவள் “உம்ம்” என்றாள். அந்த உம்மில் என்னைக் கண்டித்ததும் இருந்தது, என் மேல் இரக்கப்பட்டதும் இருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல லேசாகவும் இருந்தது. தேர்வாளர் ‘கேட்டல்’ கட்டத்தில் முழு மார்க்கைப் போட்டுக் கையெழுத்தும் போட்டார். செல்வி வெளியே போனதும் நூர்ஜஹான் வாசலில் அவளைக் கட்டிப்பிடித்துக் குதிப்பது கேட்டது. தேர்வாளர் காகிதத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என் பக்கம் சாய்ந்தார்.

“பிள்ளைக்கு மார்க் போட்டாச்சு, அதுல ஒண்ணும் மாத்தமில்ல. ஒரு சந்தேகம் சார்: மாரிச்சாமிக்கு ரெண்டும் பையன்னுலா எழுதியிருக்கீரு, கோயம்புத்தூர்ப் பொண்ணு எங்கேருந்து வந்துச்சு?”

மாணவியை அழவைத்துப் பாஸாக்கிய வாத்தியார்களை நீங்கள் எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். தானே அழுது மாணவியைப் பாஸாக்கிய வாத்தியார் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அநேகமாக நான் ஒருத்தன்தான்.